தூக்கணாங்குருவியும் ஊதா இதழும்

ஏரித் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்ற ஓர் ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் அது. கரையில் புல் உயரமாக வளர்ந்திருந்தது. அலகால் பிடித்து இழுத்தால் நார் நாராகக் கிழிந்து வந்தது.

அந்த மரத்தில் கட்டுவது ஆணின் வேலை. பார்த்துச் சொல்வது பெண்ணின் வேலை.

ஆண்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிடும். கவிழ்த்த குடுவை போல அது தொங்கும். குறுக்கே ஒரு நார்ப்பிரி இருக்கும். அதில் உட்கார்ந்து சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். அதற்குப் பிறகுதான் மீதிப் பாதி. பிடிக்காவிட்டால் பறந்துவிடும். வருத்தம், சமாதானம் எதுவும் கிடையாது.

யாரும் தங்காத கூடு காய ஆரம்பிக்கும். பச்சை மங்கி வைக்கோல் நிறமாகும். காய்ந்த கூட்டில் எந்தப் பெண்ணும் தங்க மாட்டாள் என்பது அந்த மரத்தில் எல்லோரும் நம்பிய சங்கதி.

நாரன் என்ற ஆண்குருவியின் கூடு காய்ந்துகொண்டிருந்தது.

நாரனுக்குத் தன் மேல் ஏகப்பட்ட பெருமை. அதில் பாதி நியாயமானது. அவன் போட்ட முடிச்சு எந்தக் காற்றிலும் அவிழ்ந்ததில்லை. மற்றப் பாதி அவன் தலையைப் பற்றியது. மழைக்காலத்தில் ஆண்குருவிகளுக்கெல்லாம் உச்சி மஞ்சளாகும். நாரனின் உச்சியும் மார்பும் அந்த மரத்திலேயே பளிச்சென்ற மஞ்சள். குறைந்தபட்சம் அப்படித்தான் நாரன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, கூடு காயுது!" என்றான் பக்கத்து மட்டையில் கூடு கட்டியிருந்த கீற்றான். அவன் கூட்டில் ஏற்கெனவே ஒருத்தி முட்டையிட்டிருந்தாள். அது போதாதென்று அவன் இரண்டாவது கூடும் பின்னிவிட்டு, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

"காயட்டும். கட்டின அலகு இருக்கு" என்றான் நாரன்.

"அலகு இருக்கு. பருவம் இருக்கா? எல்லாப் பொண்ணும் இடம் பார்த்து உட்கார்ந்தாச்சு. மிச்சம் ஒருத்திதான். அவளும் போயிட்டா, இந்த வருஷம் உன் கூட்டில் காத்துதான் குடியிருக்கும்!"

கீழே தண்ணீரில் ஒரு குண்டுத் தவளை இதைக் கேட்டு, தொண்டை உப்பச் சிரித்தது.

மிச்சமிருந்த அந்த ஒருத்தியின் பெயர் சாமை. அவள் வருவாள், பார்ப்பாள், போவாள். "அவளுக்கு எதுவும் பிடிக்காது" என்று ஆண்குருவிகள் பேசிக்கொண்டன. அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

நாரன் யோசித்தான்.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பும். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அது கனம் கொடுக்கும். சில குருவிகள் அந்த ஈரத்தில் ஓர் இதழோ பூவோ ஒட்டிவைக்கும். அது அழகுக்கு.

"நான் மஞ்சள்" என்று தனக்குள் சொன்னான் நாரன். "மஞ்சளோடு இன்னும் மஞ்சள் சேர்ந்தால் என்ன ஆகும்? ஏரிக்கரையே கண் கூசும்!"

கரையோரம் ஆவாரம் புதர் பூத்துக் குலுங்கியது. நாரன் பூவைப் பறித்தான். ஒட்டினான். மறுபடி பறித்தான். வாசல், விளிம்பு, குறுக்குப் பிரி எல்லா இடமும் ஆவாரம்பூ. பிறகு நடுவில் உட்கார்ந்து, சிறகை விரித்துக் கூப்பிட்டான்.

சாமை வந்தாள். எதிர் மட்டையில் அமர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கூட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டாள்.

"இதோ இருக்கேனே!"

"எங்கே?"

"உன் அலகுக்கு நேரே!"

"அட, நீங்களா! ஏதோ ஒரு பூ பேசுதுன்னு நினைச்சேன்."

தவளை தண்ணீரில் குட்டிக்கரணம் அடித்தது.

சாமை உள்ளே வந்து ஒரு நாரைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. "முடிச்சு நல்லா இருக்கு. அதைச் சொல்லணும். ஆனா ஆள்தான் தெரியலை" என்றாள். பறந்துவிட்டாள்.

நாரன் குனிந்து தண்ணீரில் தன்னைப் பார்த்தான். இத்தனை காலம் அவன் கொண்டாடிய மஞ்சள், அத்தனை ஆவாரம்பூவுக்கு நடுவில், துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன துணி மாதிரி கிடந்தது. அது எங்கும் போகவில்லை. ஆனால் இருப்பதாகவும் தெரியவில்லை.

பூக்களைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தான்.

"என்ன மாப்ளே, ஒரே நிறமா வெச்சா யாருக்குப் பிடிக்கும்?" என்று கீற்றான் நெருங்கி வந்தான். அவன் குரலில் தேன் வழிந்தது. "ஒருத்திக்குச் சிவப்பு பிடிக்கும். ஒருத்திக்கு நீலம் பிடிக்கும். சாமைக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் சேரு! எதுவும் விட்டுப்போகக் கூடாது. அப்புறம் அவ எதைச் சொல்லி மறுப்பா?"

இது நாரனுக்கு நியாயமாகப் பட்டது. அவசரத்தில் இருப்பவனுக்கு எல்லா யோசனையும் நியாயமாகத்தான் படும். கீற்றான் தன் இரண்டாவது கூட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை.

கரையில் ஒரு தட்டைக் கல் இருந்தது. நாரன் ஆவாரம்பூவைக் கொண்டுவந்தான், அது மஞ்சள். செம்பருத்தி இதழைக் கொண்டுவந்தான், அது சிவப்பு. வேலியில் படர்ந்த சங்குப்பூவைக் கொண்டுவந்தான், அது நீலம். மூன்றையும் தனித்தனியாக வைத்து அலகால் நசுக்கினான்.

மஞ்சள் சாறு ஓடிப்போய்ச் சிவப்பைத் தொட்டது. தொட்ட இடம் ஆரஞ்சு ஆனது!

"டேய் கீற்றா, இங்கே பாரு! நான் ஆரஞ்சு கொண்டுவரவே இல்லை. அதுவா வந்திருக்கு!"

"நல்லது, இன்னும் சேரு!"

மஞ்சளும் நீலமும் சந்தித்த இடத்தில் பச்சை எழுந்தது. இளம் புல்லின் பச்சை. நீலமும் சிவப்பும் கலந்த ஓரத்தில் ஊதா. கத்தரிப்பூவின் ஊதா. கொண்டுவந்தது மூன்று, கல்லின் மேல் இருப்பதோ ஆறு! நாரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான்.

"ஏன் நிக்கிறே? எல்லாத்தையும் ஒண்ணா அடிச்சுக் கலக்கு!" என்றான் கீற்றான்.

நாரன் கலக்கினான். ஆரஞ்சு போனது. பச்சை போனது. ஊதா போனது. இன்னும் கலக்கினான். கல்லின் மேல் ஒரு பழுப்புக் குழம்பு மிஞ்சியது.

"ஈரமா இருக்கிறதால அப்படித் தெரியுது. காய்ஞ்சா ஜொலிக்கும்" என்றான் கீற்றான்.

நாரன் அதைக் களிமண்ணில் குழைத்துக் கூட்டின் வாசல் முழுக்க அப்பினான். அது காய்ந்தது. ஜொலிக்கவில்லை.

சாமை வந்தாள். வாசலை முகர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எருமை ஏதாவது வந்துச்சா?"

"எருமை மரம் ஏறுமா?" என்றான் நாரன் விறைப்பாக.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"இதில் எல்லா நிறமும் இருக்கு, தெரியுமா? மஞ்சள், சிவப்பு, நீலம், எல்லாம்!"

"இருக்கலாம். ஒண்ணு பேசினா காது கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினா வெறும் இரைச்சல்தான்" என்றாள் சாமை.

கீற்றான் பாய்ந்து வந்தான். "சாமை, அவனை விடு! என் ரெண்டாவது கூட்டைப் பாரு. பச்சைப் பசேல்னு, இன்னும் ஈரம்கூடக் காயலை!"

சாமை அந்தக் கூட்டைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். "காலையில் வந்து பார்க்கிறேன். அதுவும் சரிப்படலைன்னா வேற மரத்துக்குப் போயிடுவேன்" என்றாள்.

நாரனுக்கு இருந்தது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான்.

அவன் அப்பியதையெல்லாம் கொத்திக் கொத்தி எடுத்தான். அலகு வலித்தது. பிறகு தண்ணீருக்கு மேல் தாழ்ந்திருந்த ஒரு குச்சியில் போய் உட்கார்ந்தான். கூப்பிடவில்லை, பாடவில்லை. அவனுக்கு அது புதிது.

அந்தக் குச்சியின் மறுமுனையில் நீலாம்பரன் என்ற மீன்கொத்தி இருந்தான். முதுகு நீலம். வயிறு ஆரஞ்சு. ஏரியில் அவனை விட அலட்டல்காரன் கிடையாது.

"என் வயித்தையே ஏன் பார்க்கிறே?" என்று அதட்டினான் நீலாம்பரன்.

"நெருப்பு மாதிரி எரியுதே, அதான் பார்க்கிறேன்."

"பிறவி அழகு! உன்னை மாதிரி மழைக்கு மழை வந்துபோற நிறமா இது?"

சொல்லிவிட்டு நீலாம்பரன் மீன் பார்க்கத் திரும்பி, நாரனுக்கு நேராக உட்கார்ந்தான். இப்போது வயிறு மட்டும் தெரிந்தது. முதுகு மறைந்துவிட்டது. நாரன் கண்ணைச் சிமிட்டினான். எங்கே அந்த நெருப்பு? அங்கே இருந்தது ஒரு செங்கல் துண்டின் நிறம்.

மீன்கொத்தி பக்கவாட்டில் திரும்பினான். நீல முதுகு தெரிந்தது. வயிறு மறுபடியும் பற்றி எரிந்தது!

"அண்ணே, இன்னொரு தடவை நேராத் திரும்புங்க!"

"எதுக்கு?"

"சும்மா, திரும்புங்களேன்!"

நீலாம்பரன் திரும்பினான். நெருப்பு அணைந்தது.

"இப்போ பக்கவாட்டில்!"

நெருப்பு பிடித்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"டேய், நான் என்ன திருவிழா ராட்டினமா?" என்று கத்திவிட்டு நீலாம்பரன் தண்ணீரில் பாய்ந்தான்.

நாரன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு தானாக எரியவில்லை. பக்கத்தில் நீலம் இருந்தால்தான் எரிகிறது. ஏன் நீலம்? ஏன் சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை?

அவன் தட்டைக் கல்லை நினைத்துப் பார்த்தான். ஆரஞ்சு எப்படி வந்தது? மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து வந்தது. அதில் சேராமல் விட்டுப்போன நிறம் எது? நீலம்! ஆரஞ்சுக்குள் ஒரு சொட்டு நீலம்கூடக் கிடையாது. அதனால்தான் நீலத்தின் பக்கத்தில் அது தன்னை முழுசாகக் காட்டுகிறது.

"அப்படியானால் நான்?" நாரன் குச்சியிலேயே எழுந்து நின்றான். "நான் மஞ்சள். என்னில் இல்லாதவை இரண்டு. சிவப்பும் நீலமும். அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன?"

ஊதா!

அவன் சுற்றிலும் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. ஈச்ச மரத்துக்கு நேர் கீழே, அவன் கூட்டின் நிழல் விழும் இடத்தில், ஏரியைப் பாதி அடைத்துக்கொண்டு கிடந்தது வெங்காயத்தாமரை. மீன் பிடிக்கத் தொந்தரவு என்று மீன்கொத்தி திட்டுவான். நீந்த முடியவில்லை என்று தவளை திட்டும். அந்தக் களை முழுக்க ஊதாப் பூ! போதாததற்கு ஒவ்வொரு பூவின் மேல் இதழிலும் ஒரு மஞ்சள் பொட்டு. அந்தச் சின்னப் பொட்டு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்பதை நாரன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஓர் இதழைப் பறித்துத் தன் மார்பருகே வைத்துத் தண்ணீரில் குனிந்தான்.

தண்ணீருக்குள் ஒரு விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. அது அவன்தான். அவனுடைய அதே மஞ்சள்!

ஆசை தாங்காமல் நாரன் கூடு முழுக்க ஊதா இதழாக ஒட்டினான். ஒட்டிவிட்டுத் தள்ளிப் போய்ப் பார்த்தான். ஊதா மட்டும் தெரிந்தது. கூடு ஊதாவின் கூடு ஆகிவிட்டிருந்தது. அவன் ஒவ்வோர் இதழாக எடுத்தான். ஒன்று எடுப்பான், தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். திரும்ப வந்து இன்னொன்று எடுப்பான். எடுக்க எடுக்க மஞ்சள் ஏறியது. கடைசியில் தான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கொத்தை விட்டுவைத்தான். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

காலையில் சாமை வந்தாள். ஏரியின் நடுவில் பறந்துவரும்போதே அவள் சிறகு ஒரு கணம் தயங்கியது.

"இவ்வளவு மஞ்சளை நேத்து எங்கே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"நேத்தும் இதேதான். நான் எதையும் பூசிக்கலை."

"பொய்!"

"வேணும்னா கொத்திப் பாரு!"

சாமை கொத்தவில்லை. கூட்டுக்குள் போனாள். நார்ப்பிரியில் உட்கார்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

"காய்ஞ்ச கூடு, சாமை!" என்று கீற்றான் கூவினான். "வைக்கோல் அது! பச்சைக் கூடு இங்கே இருக்கு!"

அப்போது தவளை பட்டென்று தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மரம் முழுக்க ஒரே நேரத்தில் பேச்சு நின்றது.

வல்லூறு வந்திருந்தது.

அது எதிர்க்கரை மரத்தின் உச்சியிலிருந்து ஈச்ச மரத்தை நிதானமாகப் பார்த்தது. குருவிகள் கீற்றுகளுக்குள் பதுங்கின. கீற்றான் தன் பச்சைக் கூட்டை விட்டுவிட்டு முள்ளுக்குள் புகுந்துகொண்டான். பறக்க நேரமில்லாமல் மாட்டிக்கொண்டவள் சாமை ஒருத்திதான். அவள் சுவரோடு ஒட்டி, கண்ணை மட்டும் திறந்து, அப்படியே இருந்தாள்.

நாரனுக்கும் முள் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தாவல் போதும். ஆனால் அவன் தாவினால் வல்லூற்றின் கண் அடுத்து எங்கே விழும்? கூட்டின் மேல்!

நாரன் ஊதாக் கொத்தின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மார்பை விரித்தான். வாய் திறந்து கூப்பிடவும் செய்தான். இதயம் அடித்த வேகத்தில் இதழ்களும் சேர்ந்து நடுங்கின.

"ஆகா!" என்றது வல்லூறு. "காலைச் சாப்பாடு தன்னைத்தானே விளம்பரம் பண்ணிக்குது!"

அது பாய்ந்தது. பாதி தூரம் வரும் வரை நாரன் அசையவில்லை. பிறகு கூட்டுக்கு எதிர்த்திசையில் அம்பு மாதிரிப் புறப்பட்டான். வல்லூறு வளைந்து திரும்பித் துரத்தியது. அதன் நகத்தின் காற்று நாரனின் வாலில் பட்டது. நேரே பறந்தால் சாவு. எங்கே போவது? தண்ணீரோரம் பச்சை நாணல் இருந்தது. பச்சையில் மஞ்சள் தெரிந்துவிடும். வேலியில் சங்குப்பூ இருந்தது. நீலத்தில் இன்னும் தெரியும்!

ஆவாரம் புதர்! நாரன் தலைகுப்புற அதற்குள் விழுந்து, பூக்களுக்கு நடுவே ஒரு பூவைப் போல அமர்ந்தான்.

வல்லூறு புதரை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து முறைத்தது.

"இப்போதானே இருந்தான்! எரியற விளக்கு மாதிரி இருந்தானே!" என்று புலம்பியது. ஒரு பூங்கொத்தை நகத்தால் பிடித்துப் பார்த்தது. பூதான். இன்னொன்றைப் பிடித்தது. அதுவும் பூதான். "சே! இன்னிக்கு எல்லாமே மஞ்சளா இருக்கு. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு!" என்று சலித்துக்கொண்டு, மலைப் பக்கம் பறந்துபோனது.

நாரன் வெகு நேரம் கழித்து வெளியே வந்தான். கூட்டுக்குப் பறந்தான். உள்ளே பார்த்தான். யாரும் இல்லை. வைக்கோல் நிறச் சுவர் மட்டும்தான்.

"போயிட்டா" என்று முனகினான். "போகட்டும். உயிரோடு போனாளே."

சுவர் பேசியது. "யார் போனது?"

வைக்கோலில் ஒரு பகுதி கழுத்தைத் திருப்பியது. சாமை! பழுப்புக் கோடு போட்ட அவள் முதுகும் காய்ந்த நாரும் எங்கே பிரிகின்றன என்று நாரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்த நார் ஒவ்வொன்றும் அவன் பின்னியது.

"நீ இங்கேயேவா இருந்தே?"

"இங்கேயேதான். வல்லூறு இந்த வாசலைத் தாண்டித்தான் போச்சு. என்னைப் பார்த்தும் பார்க்கலை" என்றாள் சாமை. பிறகு சொன்னாள்: "போன மழைக்கு என் தங்கச்சி ஒரு புதுப் பச்சைக் கூட்டு வாசலில் உட்கார்ந்திருந்தா. எல்லாரும் அழகான கூடுன்னாங்க. பச்சைக்கு மேல் பழுப்பு. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். வல்லூறு கண்ணுக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் ஏன் எல்லாக் கூட்டையும் பார்த்துட்டுப் போறேன்னு உங்களில் ஒருத்தராவது கேட்டீங்களா?"

நாரன் தலை குனிந்தான்.

"நிமிருங்க. குனிஞ்சா அந்த மஞ்சள் தெரியலை" என்றாள் சாமை. "உங்களுக்கு உங்க நிறம் தெரியறதில் பெருமை. எனக்கு என் நிறம் தெரியாமல் இருக்கிறதில் பெருமை. எனக்கும் பெருமை உண்டுங்க, நான் பேசிக்கிறதில்லை, அவ்வளவுதான்."

"அப்போ... தங்குறியா?"

"அந்த ஊதாவை இங்கேயிருந்து எடுங்க. அதோ, அந்த மட்டை நுனியில் கொண்டுபோய் வையுங்க. கூப்பிடறதானா அங்கே நின்னு கூப்பிடுங்க. வர்றவன் கண்ணு உங்க மேல் விழட்டும். இங்கே விழக் கூடாது."

"வல்லூறு மறுபடி வந்தா?"

"ஆவாரம் புதர் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நாரன் சிரித்தான். சாமை நாரை மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பழக்கம், விடாது. "மீதிப் பாதியைக் கட்டுங்க. புது நார் பச்சையாத்தான் இருக்கும். நாலு வெயில் அடிச்சா அதுவும் என் நிறத்துக்கு வந்துடும். நான் காத்திருக்கேன்" என்றாள்.

அந்த மரத்தில் ஒரு பெண்குருவி, கூடு காய்வதற்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் கீற்றான் முள்ளிலிருந்து மெல்ல வெளியே வந்தான். அவன் சிறகில் இரண்டு இறகு முறிந்திருந்தது. நாரன் பக்கத்தில் வந்து, எதிலும் படாதவன் போல நின்றான்.

"மாப்ளே, அது என்ன பூ?"

"வெங்காயத்தாமரை. கீழே வேணுங்கிற அளவு கிடக்கு, எடுத்துக்கோ."

கீற்றானுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவு சுலபமாச் சொல்லிட்டே? நான் உனக்கு எருமைச் சாணி யோசனை சொன்னவன்."

"அந்தக் கலவை இல்லைன்னா எனக்கு ஊதா எப்படிப் பிறக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா ஒண்ணு. பூவை மட்டும் எடுத்துட்டுப் போகாதே. எங்கே வைக்கிறே, எவ்வளவு வைக்கிறே, பக்கத்தில் யார் உட்காரப் போறாங்கன்னு பார்த்துட்டு வை."

கீற்றான் தலையாட்டிவிட்டுத் தண்ணீரை நோக்கிப் போனான். நாரன் மட்டை நுனிக்குப் போனான். ஊதாக் கொத்தின் பக்கத்தில் நின்று, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த கொக்குகள் நிமிர்ந்து பார்த்தன. எல்லோருக்கும் அவன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால், காற்றில் ஆடிய கூட்டுக்குள், யாருக்கும் தெரியாமல் சாமை இருந்தாள்.

எந்த நிறமும் தனியாக நின்று ஒளிர்வதும் இல்லை, மங்குவதும் இல்லை. பக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று அறிந்தவர்களே தங்கள் நிறத்தைப் பற்றித் தலை நிமிர்ந்து பெருமைப்படலாம்.